“தேடிப் பார்த்துட்டேன், வேற எங்கயும் இல்ல”

கோலாலம்பூரில் நிரல் எழுதும் அலுவலகங்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது காதில் விழும் வாக்கியம் இது: “தேடிப் பார்த்துட்டேன் அண்ணே, வேற எங்கயும் இல்ல.” சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. நிரல் எழுதும் செயலியான எடிட்டரில் தேடல் பெட்டியைத் திறந்து, சொல்லைத் தட்டி, வந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்திவிட்டுத்தான் வந்திருக்கிறது. கேட்ட அண்ணனும் நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இருவருக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது: எங்கே தேடினாய்? கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. தேடும் இடத்தை அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கவே இல்லை. கொஞ்சத்தை எடிட்டரைச் செய்தவர்கள் தீர்மானித்தார்கள். கொஞ்சத்தை, எப்போதோ ‘.கிட்இக்னோர்’ கோப்பில் (கிட் என்ற பதிப்புக் கருவி கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியல்) நாலு வரி சேர்த்துவிட்டு வேலை மாறிப் போன ஒருவர் தீர்மானித்தார். மீதியைத் தீர்மானித்தது, அன்று காலை எந்தக் கோப்புறையைச் சொடுக்கித் திறந்தோம் என்கிற தற்செயல்.

எடிட்டரின் நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் மணிக்கணக்கில் செலவிடும் நாம், தேடல் அடைவுகளை, அதாவது எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்பதை, வந்தபடியே விட்டுவிடுகிறோம். காரணம் இருக்கிறது. வேண்டாத முடிவுகள் ஆயிரம் வந்து குவிந்தால் எரிச்சல் வரும், அன்றைக்கே அமைப்பைத் திறந்து சரிசெய்வோம். வரவேண்டிய முடிவு ஒன்று வராமல் போனால் திரையில் எந்தத் தடயமும் இருக்காது. அதனால்தான் ஒரு எடிட்டரின் டிபால்ட் (நாம் மாற்றாதவரை இருக்கும்) தேடல் நல்லதா என்று பார்க்கும்போது நான் முதலில் கேட்பது: ‘இல்லை’ என்று அது சொன்னால் எவ்வளவு தூரம் நம்பலாம்? வேகமும் சுத்தமும் அதற்குப் பிறகுதான்.

ஆறு எட்டானபோது

இந்தக் கேள்விக்கு மலேசியாவில் 2024-இல் நல்ல சோதனை ஒன்று வந்தது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. ஆனால் உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவை ஆகியவை 6-லேயே நின்றன. ஆகவே கணக்கு மென்பொருளில் இருக்கும் ஆறையெல்லாம் ஒரே தட்டில் எட்டாக்கிவிட முடியாது. ஒவ்வொரு இடத்தையும் மனிதக் கண் பார்த்து, இது எந்தச் சேவைக்கு என்று முடிவு செய்தாக வேண்டும். போதாததற்குப் பழைய படிமங்கள் வேறு. 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி 6 விழுக்காடாக வந்தது, 2018 ஜூனில் சுழியமானது, செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. பத்து வருடம் ஓடிய எந்த இன்வாய்ஸ் மென்பொருளிலும் இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். பெயரில் ‘ஜிஎஸ்டி’ என்று இருக்கும் மாறி உண்மையில் சேவை வரியைச் சுமந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட வேலையில் தேடுவது ஒரு எண்ணைத்தானே என்று தோன்றும். அந்த எண் பல வேடத்தில் இருக்கிறது. 0.06 என்று ஓரிடத்தில், வரியோடு கூட்ட 1.06 என்று ஓரிடத்தில், சதவீதமாக 6.00 என்று தரவுக் கோப்பில், வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்க 6/106 என்று இன்னோரிடத்தில். யாரோ அதையே வகுத்துச் சுருக்கி 0.0566 என்று எழுதியிருப்பதும் உண்டு. ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) பொத்தான் அழுந்தியிருந்தால் 0.06-இல் உள்ள புள்ளி எந்த எழுத்தையும் ஏற்கும், 0306-ஐயும் பிடித்துக்கொண்டு வரும். புள்ளிக்கு முன் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். ‘முழுச்சொல்’ பொத்தானை அழுத்தாவிட்டால் 10.06-உம் 0.065-உம் வந்து சேரும். ஆனால் இவை கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். வந்ததைக் கழித்துவிடலாம்.

தெரியாமல் போகிறவைதான் வரி மாற்றத்துக்கு மறுநாள் வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பாக வரும். அவை வழக்கமாக எங்கே ஒளிந்திருக்கும் என்று பார்த்தால், ஒரே வகை இடங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வரிவிகிதத்தை நிரலுக்கு வெளியே வைப்பதே நல்லது என்று நினைத்து ‘.என்வ்’ என்ற அமைப்புக் கோப்பில் வைத்திருப்பார்கள். அதே கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருப்பதால் அது ‘.கிட்இக்னோர்’ பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி இன்வாய்ஸ் அச்சு வார்ப்புருக்கள் ஒரு கோப்புறையில் இருக்கும். லோகோவும் முகவரியும் ரிப்போவுக்குள் (கிட் காக்கும் நிரல் களஞ்சியம்) போக வேண்டாம் என்று அந்தக் கோப்புறையையும் அதே பட்டியலில் சேர்த்திருப்பார்கள். விஎஸ் கோட் எடிட்டரில் கிட்இக்னோர் பட்டியலை மதிக்கும் அமைப்பு டிபால்ட்டாகவே இயக்கத்தில் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டு இடமும் தேடலுக்குள் வராது. பிள்ளை தேடினான், திருத்தினான், மறுபடி தேடினான், சுழியம் வந்தது. “இல்ல அண்ணே.”

இரண்டு கேள்விக்கு ஒரே பட்டியல்

இந்த இடத்தில்தான் விஷயம் திரும்புகிறது. ‘.கிட்இக்னோர்’ கோப்பு ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்வதற்காகப் பிறந்தது: இந்தக் கோப்பு ரிப்போவுக்குள் போகலாமா? தேடல் கருவிகள் அதையே எடுத்து இரண்டாவது கேள்விக்கும் விடையாக்கிக்கொண்டன: இந்தக் கோப்பில் தேட வேண்டுமா? பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே விடைதான். பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் வந்து இறங்கும் ‘நோட் மாட்யூல்ஸ்’ கோப்புறை ரிப்போவுக்கும் வேண்டாம், தேடலுக்கும் வேண்டாம். அதனால்தான் இந்த இரவல் இவ்வளவு நாள் வசதியாக ஓடியது. 2016-இல் ஆண்ட்ரூ கேலன்ட் வெளியிட்ட ரிப்கிரெப் என்ற தேடல் கருவி இதை டிபால்ட்டாக வைத்தது. விஎஸ் கோட் தன் தேடலுக்கு அந்தக் கருவியைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. ஆகவே இந்த முடிவு இன்று ஏராளமானோர் திரையில் அமர்ந்திருக்கிறது. அது தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. அதன் விளிம்புகள் எங்கே என்று நமக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

விளிம்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. ரிப்போவுக்கு வேண்டாதது, ஆனால் தேட வேண்டியது: மேலே சொன்ன ‘.என்வ்’, வாடிக்கையாளர் வார்ப்புருக்கள், கருவி உருவாக்கித் தரும் இடைமுகக் கோட். ஒரு ஃபங்ஷன் எங்கே வரையறுக்கப்பட்டது என்று தேடும்போது, அது உருவாக்கப்பட்ட கோப்பில் மட்டுமே இருந்தால் ‘எங்குமே இல்லை, ஆனால் ஓடுகிறது’ என்ற விசித்திரம் நேரும். மறுபக்கம், ரிப்போவுக்குள் இருப்பது, ஆனால் தேடலில் வேண்டாதது: பேக்கேஜ் லாக் கோப்புகள் (நூலகங்களின் பதிப்பு எண்களைப் பூட்டி வைப்பவை), ஒரே வரியில் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், சோதனைகளின் ஸ்னாப்ஷாட், சில லட்சம் வரி நீளும் தரவுத்தள டம்ப். இவற்றைக் கிட்இக்னோர் ஒருபோதும் தடுக்காது. ஒரு எண்ணைத் தேடினால் லாக் கோப்பிலிருந்தே நூறு முடிவு வரும்.

இன்னொரு நுணுக்கம் பலருக்கும் தெரியாது. கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்புக்குக் கிட்இக்னோர் விதி செல்லாது. கோப்பைக் கட்டாயப்படுத்தி உள்ளே சேர்த்திருந்தால், பட்டியலில் அதன் பெயர் இருந்தாலும் கிட் அதை எப்போதும்போல் கமிட் செய்யும் (ரிப்போவில் பதியும்). ரிப்கிரெப் கிட்டின் உள்பதிவேட்டைப் பார்ப்பதில்லை. பெயர் பட்டியலோடு பொருந்தினால் தாண்டிப் போய்விடும். விளைவு: ரிப்போவில் இருக்கிறது, இணையத்தில் ரிப்போவைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, சர்வரில் ஓடுகிறது, எடிட்டர் தேடலில் மட்டும் இல்லை. இதைப் பிடிக்க ‘கிட் கிரெப்’ உதவும். அது கண்காணிப்பில் உள்ள கோப்புகளில் மட்டும் தேடும், இக்னோர் பட்டியலைப் பொருட்படுத்தாது. ஆனால் அதற்கும் ஒரு பள்ளம் உண்டு. தனியாகச் சொல்லாவிட்டால் சப்மாட்யூலுக்குள் (ரிப்போவுக்குள் பொதிந்த இன்னொரு ரிப்போ) இறங்காது. ஒரு கோப்பை எந்த விதி தடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ‘கிட் செக்-இக்னோர்’ கட்டளையை ‘வி’ தெரிவோடு கொடுங்கள். எந்தக் கோப்பின் எந்த வரி என்று எண்ணோடு சொல்லும். ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பென்றால் ‘நோ-இண்டெக்ஸ்’ தெரிவையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் சொல்லாது.

சரிசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. ரிப்போவின் வேரில் (உச்சி அடைவில்) ‘.இக்னோர்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வைக்கலாம். கிட் இதைக் கண்டுகொள்ளாது. ரிப்கிரெப்பும் விஎஸ் கோட் தேடலும் இதை ‘.கிட்இக்னோர்’ கோப்புக்கு மேலாக மதிக்கும். எழுதும் முறை அதேதான். ஆச்சரியக்குறி போட்டு வாடிக்கையாளர் கோப்புறையின் பெயரை எழுதினால், கிட்டுக்கு வேண்டாத அந்தக் கோப்புறை தேடலுக்கு மட்டும் திரும்ப வரும். அதே கோப்பில் லாக் கோப்புகளையும் ஸ்னாப்ஷாட்டுகளையும் எழுதினால், ரிப்போவில் இருந்தபடியே தேடலிலிருந்து விலகும். இரண்டு கேள்விக்கும் இரண்டு பட்டியல் கிடைத்துவிடுகிறது. இந்தக் கோப்பைக் கட்டாயம் கமிட் செய்ய வேண்டும். ஒருவர் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், பக்கத்து மேசைக்காரர் தேடினால் வேறு விடை வரும்.

‘.என்வ்’ கோப்பை மட்டும் இப்படித் திறந்துவிட வேண்டாம். திரையைப் பகிர்ந்துகொண்டு தேடும்போது கடவுச்சொல் எல்லார் கண்ணிலும் படும். அதற்குப் பதில், அதே மாறிப் பெயர்களோடு போலி மதிப்புகள் இட்ட ‘.என்வ்.எக்ஸாம்பிள்’ கோப்பை ரிப்போவில் வையுங்கள். வரிவிகிதத்தின் மாறிப் பெயரைத் தேடுகிறவருக்கு இந்தக் கோப்பு சிக்கும், உண்மையான கோப்பைப் போய்ப் பார்க்கத் தோன்றும். இந்த ஏற்பாட்டில் மதிப்பைத் தேடினால் பலன் இல்லை, பெயரைத் தேட வேண்டும். சர்வரில் மட்டும் இருக்கும் அமைப்புகளுக்கும் இதுவே பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது

எதை விடுவது என்பதற்கு முன்னால் வரும் கேள்வி, வேர் எது என்பது. எடிட்டருக்கு எடிட்டர் விடை மாறுகிறது. விம்மில் கோப்பைப் பெயர் சொல்லித் திறக்க உதவும் ‘பாத்’ என்ற அமைப்பில் புள்ளி என்றால் திறந்திருக்கும் கோப்பின் அடைவு, இரண்டு காற்புள்ளிக்கு நடுவே வெற்றிடம் என்றால் நடப்பு அடைவு. யூனிக்ஸில் சி மொழியின் பொதுத் தலைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவும் மரபாக அதோடு வரும். ஈமேக்ஸில் ஒவ்வொரு பஃபருக்கும் (திறந்திருக்கும் கோப்பு) தன் அடைவு உண்டு, சாதாரண கிரெப் தேடல் அங்கிருந்துதான் ஓடும். புராஜெக்ட் தேடல் கட்டளையைக் கொடுத்தால் வேர் மேலே ஏறிவிடும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் புராஜெக்ட், மாட்யூல், அடைவு, ஸ்கோப் என்று நான்கைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. சப்லைம் டெக்ஸ்டில் ‘எங்கே’ என்றே ஒரு பெட்டி இருக்கிறது. விஎஸ் கோட் நீங்கள் திறந்த கோப்புறையை வேராக எடுத்துக்கொள்ளும். கோப்புறை எதுவும் திறக்காமல் தனிக் கோப்பை மட்டும் திறந்திருந்தால், திறந்த கோப்புகளில் மட்டும்தான் தேடும்.

எனக்குச் சரியாகப் படும் வரிசை இது: பயனர் தெளிவாகத் திறந்த கோப்புறை இருந்தால் அதுதான் வேர். இல்லாவிட்டால் இப்போதைய கோப்பிலிருந்து மேலே ஏறி, கிட் ரிப்போவின் உச்சியை வேராக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் கோப்பிருக்கும் அடைவு. கேட்க எளிது. செய்யும்போது சறுக்கும் இடங்கள் பல. மேலே ஏறும் நிரல், ‘.கிட்’ என்ற பெயரில் அடைவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் தவறிவிடும். வொர்க்ட்ரீயிலும் (அதே ரிப்போவின் கூடுதல் வேலை அடைவு) சப்மாட்யூலிலும் ‘.கிட்’ ஒரு சாதாரணக் கோப்பு, உள்ளே பாதை ஒரு வரியில் எழுதியிருக்கும். கோப்பா அடைவா என்று பாராமல் பெயர் இருந்தாலே போதும் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி: சப்மாட்யூலில் நிற்கும்போது வேர் அதுவா, அதைச் சுமக்கும் பெரிய ரிப்போவா? வரிவிகிதம் மாதிரி எல்லா இடத்தையும் தொடும் தேடலுக்குப் பெரிய ரிப்போதான் வேண்டும். பல பேக்கேஜ்கள் ஒன்றாக வாழும் மோனோரிப்போவிலும் இதேதான். கையெட்டும் தூரத்தில் உள்ள முதல் ‘பேக்கேஜ்.ஜேசன்’ விவரக் கோப்பிலேயே நின்றுவிட்டால் பக்கத்துப் பேக்கேஜ் கண்ணுக்குத் தெரியாது.

எதிர்த்திசையிலும் எல்லை வேண்டும். சிலர் தங்கள் ஹோம் அடைவையே (பயனரின் எல்லாக் கோப்புகளும் இருக்கும் அடைவு) கிட் ரிப்போவாக வைத்து அமைப்புக் கோப்புகளைப் பராமரிப்பார்கள். அவர்கள் டவுன்லோட்ஸில் கிடக்கும் ஒரு தனிக் கோப்பைத் திறந்து தேடினால், ஏறிப்போன நிரல் ஹோம் அடைவில் போய் நிற்கும், வட்டு முழுக்க உருட்டத் தொடங்கும். ஹோமை அடைந்தால் வேராக ஏற்காதே என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. கிட் கருவியே தனக்கு இப்படிப்பட்ட உச்சவரம்பை வைத்துக்கொள்ள ஒரு சூழல் மாறி கொடுக்கிறது. விண்டோஸ் கணினியில் லினக்ஸ் துணையமைப்பை வைத்து வேலை செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸ் பக்கத்திலிருந்து சி டிரைவில் உள்ள ரிப்போவைத் தேடினால் ஒவ்வொரு கோப்பும் இரு இயங்குதளங்களின் எல்லையைத் தாண்டி வர வேண்டும், அதனால் இழுக்கும். ரிப்போவை லினக்ஸ் பக்கத்து ஹோமிலேயே வைத்தால் அதே தேடல் பறக்கும். அதற்காக விலக்குப் பட்டியலை நீட்டக் கூடாது.

விஎஸ் கோட்டில் ரிப்போவின் உட்கோப்புறை ஒன்றை மட்டும் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலடைவில் உள்ள கிட்இக்னோர் பட்டியலைத் தேடல் டிபால்ட்டாகப் பார்க்காது. கட்டளை தட்டும் டெர்மினலில் ஓடும் ரிப்கிரெப் பார்க்கும். தனிநபர் கணினி அளவிலான பொது இக்னோர் பட்டியலும் அப்படியே: ரிப்கிரெப் மதிக்கும், விஎஸ் கோட் டிபால்ட்டாக மதிக்காது. புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளில் நிலைமை நேர் தலைகீழ். டெர்மினலில் ரிப்கிரெப் அவற்றைத் தாண்டிப் போகும், விஎஸ் கோட் உள்ளே பார்க்கும். ‘.கிட்ஹப்’ அடைவில் இருக்கும் ஒர்க்ஃப்ளோ கோப்பு எடிட்டரில் சிக்கி, டெர்மினலில் சிக்காமல் போவது இதனால்தான். உள்ளே ஒரே கருவி, ஆனால் இரண்டு டிபால்ட். “எனக்கு வருதே, உனக்கு ஏன் வரல?” என்ற சச்சரவு பாதிக்கு மேல் இங்கே தீரும்.

‘வெண்டார்’ என்றால் யார்

இனி விலக்குவது. விஎஸ் கோட் டிபால்ட்டாகத் தேடலிலிருந்து விலக்குவது மிகக் கொஞ்சம்: நோட் மாட்யூல்ஸ், ‘பௌவர்’ என்ற பழைய பேக்கேஜ் கருவியின் காம்போனன்ட்ஸ், தன் சொந்தத் தேடல் கோப்புகள். இதோடு கிட் உள்ளிட்ட பதிப்புக் கருவிகளின் உள்ளடைவுகள் வேறு ஒரு பட்டியல் வழியாக மறைந்திருக்கும். இந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். இணையத்தில் சுற்றும் நீண்ட பட்டியல்களை அப்படியே ஒட்டிக்கொள்வது ஆபத்து, ஏனென்றால் அவற்றில் இருக்கும் பெயர்கள் மிகப் பொதுவானவை. ‘பின்’ டாட்நெட்டில் கம்பைலர் எழுதும் அடைவு. ரெயில்ஸில் அதே பெயரில் கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள் இருக்கும். ‘பில்ட்’ கிரேடிலுக்குக் குப்பைக்கூடை, வேறொரு குழுவுக்கு வெளியீட்டு ஸ்கிரிப்டுகளின் வீடு. ‘டார்கெட்’ ரஸ்ட்டிலும் மேவனிலும் உருவாகும் கோப்புகள், விற்பனை மென்பொருளில் மாத இலக்கு. கணக்கு மென்பொருளில் இன்னும் மோசமானது ‘வெண்டார்’. பிஎச்பி கம்போஸருக்கு அது பிறர் எழுதிய நூலகங்கள். கணக்கரைக் கேட்டால் வெண்டார் என்றால் சரக்கு வழங்குநர். எந்த ஆழத்தில் இருந்தாலும் ‘வெண்டார்’ விலகட்டும் என்று எழுதிவிட்டால், கொள்முதல் பகுதியின் நிரல் முழுவதும் தேடலிலிருந்து காணாமல் போகும். சேவை வரி அங்கேயும் இருக்கிறது.

ஆகவே வேரோடு கட்டிப்போட்ட விதி வேண்டும்: ரிப்போ உச்சியில் இருக்கும் வெண்டார் மட்டும். அதை எழுதும் இலக்கணம் மூன்று இடத்தில் மூன்று விதம். கிட்இக்னோர் வகைக் கோப்பில் வெறும் பெயர் எழுதினால் எந்த ஆழத்திலும் பொருந்தும், முன்னால் சாய்வுக்கோடு போட்டால் உச்சியில் மட்டும். விஎஸ் கோட்டின் அமைப்புக் கோப்பில் வெறும் பெயர் என்றால் திறந்த கோப்புறையின் உச்சியில் மட்டும். எல்லா ஆழத்துக்கும் வேண்டுமானால் முன்னால் இரட்டை நட்சத்திரமும் சாய்வுக்கோடும் வேண்டும். அதே எடிட்டரின் தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள ‘சேர்க்க’, ‘விலக்க’ கட்டங்களில் வெறும் பெயர் எல்லா ஆழத்திலும் பொருந்தும். உச்சிக்கு மட்டும் வேண்டுமானால் புள்ளியும் சாய்வுக்கோடும் முன்னால் வர வேண்டும். கட்டத்தில் எழுதிச் சோதித்து, வேலை செய்கிறது என்று அதையே அமைப்புக் கோப்பில் ஒட்டினால், அர்த்தம் மாறிவிடும். இந்த ஒரு பத்தியைப் புது ஆள் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் ஒரு நாள் வேலை மிச்சமாகும்.

விஎஸ் கோட்டில் விலக்கு அமைப்புகள் மூன்று தனித்தனியாக உண்டு. ஒன்று கோப்பைப் பக்கப்பட்டியிலிருந்தும் தேடலிலிருந்தும் சேர்த்தே மறைக்கும். இன்னொன்று தேடலிலிருந்தும், பெயர் தட்டிக் கோப்பைத் திறக்கும் பட்டியலிலிருந்தும் மட்டும் எடுக்கும். மூன்றாவது, கோப்பு மாறுகிறதா என்று கவனிப்பதை மட்டும் நிறுத்தும். கணினி மெதுவாகிறது என்று மூன்றாவதில் சேர்க்க வேண்டியதை முதலாவதில் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் கோப்புறை இருப்பதே யாருக்கும் தெரியாது. மறைவு என்பது தேடலில் மட்டும் இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரிகிற கோப்புறை குறைந்தபட்சம் ஒரு சந்தேகத்தையாவது எழுப்பும்.

பினாங்குக்குப் போனால் இந்தத் தேர்வுகள் தலைகீழாகும். பாயான் லெப்பாஸ் பக்கம் சில்லுகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுவோருக்கும் சோதனை நிரல் எழுதுவோருக்கும் பிறர் எழுதிய கோட்தான் அகராதி. ஒரு ரெஜிஸ்டரின் பெயர், ஒரு பிட்டின் இடம், இவை சில்லு செய்தவர் தரும் மென்பொருள் தொகுப்பின் தலைப்புக் கோப்பில்தான் இருக்கும். வெப்பயன்பாட்டுக்காரர்களின் பழக்கத்தில் ‘மூன்றாம் தரப்பு எல்லாம் வெளியே’ என்று அதை விலக்கினால், முதல் தேடலே வெறுங்கையோடு திரும்பும். அங்கே விலக்க வேண்டியது வேறு: சோதனை ஓட்டங்கள் கக்கும் பதிவுக் கோப்புகள், கம்பைலரின் மேப் கோப்புகள், ஹெக்ஸ் கோப்புகள். இவை எழுத்துக் கோப்புகளாக இருப்பதால் பைனரி என்று தானாக ஒதுங்காது. ஒரே பதிவுக் கோப்பு சில ஜிகாபைட் இருந்தால் தேடல் அதிலேயே மூச்சுத் திணறும். இந்தப் பதிவுகளை ரிப்போவுக்கு வெளியே ஓர் அடைவில் எழுத வைப்பதே சுத்தமான தீர்வு. முடியாவிட்டால் ‘.இக்னோர்’ கோப்பில் வேரோடு கட்டிய ஒரு வரி.

எதையும் விலக்காமல் எல்லாவற்றிலும் தேடினால் என்ன என்று கேட்கலாம். விஎஸ் கோட் தேடலுக்கு 20,000 முடிவு என்று டிபால்ட் உச்சவரம்பு உண்டு. நோட் மாட்யூல்ஸைத் திறந்துவிட்டு 106 என்று தேடினால் அந்த வரம்பை எளிதாகத் தொடும். தொட்டபின் காட்டப்படுவது முடிவுகளின் ஒரு பகுதி மட்டும், எச்சரிக்கை ஒன்று வரும். உங்கள் சொந்தக் கோப்பில் இருந்த ஒன்று அந்தப் பகுதிக்குள் வந்ததா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அளவில்லாத தேடலும் கடைசியில் அதே பொய்யான ‘இல்லை’யைத்தான் தரும்.

அடைவு சரியாக இருந்தும்

இடம் சரியாக இருந்தும் சொல் சிக்காமல் போகும் ஒரு வகை நமக்கென்றே இருக்கிறது. இங்குள்ள மென்பொருள்களில் மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழ் மொழிக்கோப்பும் இருப்பதுண்டு. இன்வாய்ஸில் வரும் ‘மொத்தம்’ என்ற சொல்லைத் தேடுகிறீர்கள். அதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ரிப்கிரெப் இரண்டையும் சமமாகக் கருதுவதில்லை, எழுதியபடியே பொருத்தும். விசைப்பலகையில் நீங்கள் தட்டியது ஒரு விதம், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இருப்பது மற்றொரு விதம் என்றால் சுழியம்தான். மொழிக்கோப்புகளை ஒருமுறை என்எஃப்சி வடிவத்துக்கு (ஒற்றைக் குறியீட்டு வடிவம்) மாற்றிக் கமிட் செய்துவிடுவது நல்லது. அதுவரை ஒகரம், ஓகாரம், ஔகாரம் வராத ஒரு துண்டை, இங்கே ‘த்தம்’ என்பதை, தேடலாம்.

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் வார்ப்புருவும் எக்செல் வார்ப்புருவும் எந்த எடிட்டர் தேடலிலும் வராது. ஒன்று பைனரி, மற்றது உள்ளே சுருக்கி அடைத்த பொதி. தரவுத்தளத்துக்குள் சேமித்த புரொசீஜர்கள் கோப்பாகவே இல்லை. இவற்றின் பட்டியலை ரீட்மீ கோப்பில் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க

தேடல் அமைப்பு எதைப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்கச் சிறந்த வழி, எண்ணிப் பார்ப்பது. டெர்மினலில் ரிப்கிரெப்பை ‘ஃபைல்ஸ்’ தெரிவோடு ஓட்டினால், சொல் எதையும் தேடாமல், தேடப்போகும் கோப்புகளின் பெயர்களை மட்டும் வரிசையாகத் தரும். வரிகளை எண்ணுங்கள். பிறகு அதே கட்டளையோடு ‘யு’ தெரிவை ஒரு முறை சேர்த்தால் இக்னோர் பட்டியல்கள் விலகும், இரண்டு முறை சேர்த்தால் மறைவுக் கோப்புகளும் வரும், மூன்று முறை சேர்த்தால் சொல் தேடும்போது பைனரிகளுக்குள்ளும் பார்க்கும். முதல் பட்டியலுக்கும் இரண்டு ‘யு’ பட்டியலுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, நோட் மாட்யூல்ஸையும் ‘.கிட்’ அடைவையும் கழித்துவிட்டு, மீதியை நிதானமாகப் படியுங்கள். நடுத்தர அளவு ரிப்போவில் பத்து நிமிட வேலை. ‘இதுவும் வெளியே இருந்ததா’ என்று நிறுத்திப் பார்க்க வைக்கும் பெயர் ஒன்றிரண்டு அநேகமாக இருக்கும்.

எடிட்டருக்கு வேறு சோதனை. வேறெங்கும் வராத ஒரு சொல்லை, ‘மயில்3107’ போல ஒன்றை, வகைக்கு ஒரு கோப்பில் நட்டு வையுங்கள்: ரிப்போ வேரில், ஆழத்தில் உள்ள கொள்முதல் வெண்டார் கோப்புறையில், உச்சி வெண்டாரில், மறைவு அடைவில், சப்மாட்யூலில், வாடிக்கையாளர் வார்ப்புருவில், ‘.என்வ்’ கோப்பில், உருவாக்கப்பட்ட கோட்டில். எடிட்டரில் தேடுங்கள். எத்தனை மயில் வந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வராதவற்றில் வர வேண்டியது எது என்று குழுவாக உட்கார்ந்து முடிவு செய்து ‘.இக்னோர்’ கோப்பைத் திருத்துங்கள். பிறகு நட்டதைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கும்போது மூன்று ‘யு’ போட்டு டெர்மினலில் தேடினால் எதுவும் மிஞ்சாது. சப்மாட்யூலில் நட்டதை மறந்து கமிட் செய்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அன்றாட வேலையில் ஒரு பழக்கம் போதும். ‘இல்லை’ என்று வந்தால், விஎஸ் கோட்டில் ‘விலக்க’ கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பற்சக்கரப் பொத்தானை அணைத்துவிட்டு ஒருமுறை தேடுங்கள். விலக்கு அமைப்பும் இக்னோர் பட்டியலும் அந்தத் தேடலுக்கு மட்டும் நீங்கும். முடிவு கிடைக்காதபோது விலக்குகளையும் கிட்இக்னோர் கோப்பையும் சரிபார்க்கும்படி அந்த எடிட்டரே சிறிய எழுத்தில் சொல்கிறது. அந்த வரியைப் படிப்பவர் குறைவு. எடிட்டர் செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: முடிவு கிடைத்த கோப்புகளின் எண்ணிக்கையோடு, தேடிய கோப்புகள் எத்தனை, விலக்கியவை எத்தனை என்பதையும் அதே வரியில் காட்டுங்கள். தேடிய கோப்புகளின் கணக்கை ரிப்கிரெப் ‘ஸ்டாட்ஸ்’ தெரிவில் ஏற்கெனவே தருகிறது. “4,212 கோப்பில் பார்த்தேன், 38 கோப்பைப் பார்க்கவில்லை, இல்லை” என்று திரை சொன்னால், அந்தப் பிள்ளையும் அதையே அண்ணனிடம் சொல்லும். அண்ணன் அந்த 38 எவை என்று கேட்பார்.